கொழுந்தைப் பறிப்பதா, கொய்வதா, கிள்ளுவதா?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சிப் புத்தகம் எதைத் திறந்தாலும் ‘ஒத்தகருத்துச் சொற்கள்’ என்று ஒரு பக்கம் கண்ணில் படும். மலை – குன்று, வெற்பு, பொருப்பு, வரை, கிரி, ஓங்கல், விலங்கல். இடப்பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் ஏழெட்டுச் சொற்கள். பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள், அந்தக் கேள்விக்குப் புள்ளியும் வாங்கிவிடுகிறார்கள். சிக்கல் கட்டுரை எழுதும்போது வருகிறது. “விடுமுறையில் சிவனொளிபாதப் பொருப்பில் ஏறினோம்.” “என் மாமா வெற்பில் வேலை செய்கிறார்.” எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, வேற்றுமை உருபும் சரியான இடத்தில் நிற்கிறது. இலக்கணம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இலங்கை மலையகத்தில், அட்டனிலிருந்து பதுளை வரைக்கும் தேடினாலும் அப்படிப் பேசுகிற ஒரு வாய் கிடைக்காது. ஏன் தவறு என்று பிள்ளை கேட்டால், “அது செய்யுள் வழக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். அது அரைப் பதில். எந்தச் சொல் எந்த வாக்கியத்தில் நிற்கும், ஏன் நிற்கும் என்று காட்டாத பட்டியலால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது என் கட்சி.

பட்டியல்கள் வந்த வழியைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் பாட்டுக் கட்டுகிறவனுக்கும் பாட்டைப் படிக்கிறவனுக்கும் துணையாக எழுந்தவை. மண்டல புருடர் செய்த சூடாமணி 12 தொகுதிகள் கொண்டது; மலையின் பெயர்கள் அதில் இடப்பெயர்த் தொகுதியில் வரும். யாழ்ப்பாணத்தில் அதை மனப்பாடம் செய்வது படிப்பின் தொடக்கமாகவே இருந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சிட்ட முதல் நூல்களில் சூடாமணி நிகண்டு உரையும் ஒன்று. ஓர் அடி ‘விருப்பு’ என்று தொடங்கினால் அடுத்த அடிக்குப் பொருப்பு வேண்டும். ‘கற்பு’ என்று தொடங்கினால் வெற்பு. ‘திரை’, ‘கரை’ என்றால் வரை. எதுகைக்கும் சீருக்கும் ஏற்றபடி எடுத்துப் போட ஏழெட்டுச் சொல் கைவசம் இருப்பது புலவனுக்குச் சோறு போடுகிற காரியம். உரைநடை எழுதுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு எதுகைத் தேவை கிடையாது. அதன் தேவை வேறு: யார் பேசுகிறார், எதைப் பற்றி, பக்கத்தில் எந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது.

மலை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் “மாமா மலைக்குப் போயிட்டாரு” என்றால் அவர் சிகரம் ஏறப் போகவில்லை; தேயிலை வயலுக்கு வேலைக்குப் போயிருக்கிறார். “இன்னைக்கு எந்த மலையில கொழுந்து?” என்ற கேள்விக்கு “அஞ்சாம் நம்பர் மலை” என்று பதில் வரும். இங்கே மலை என்பது எல்லை குறித்து, இலக்கம் போட்ட ஒரு வேலைத் துண்டு. அதற்குக் குன்றும் வெற்பும் ஒத்த சொல் ஆகா. ஆகவே மேலே சொன்ன “வெற்பில் வேலை செய்கிறார்” இரண்டு தடவை விழுகிறது. வழக்கும் பொருந்தவில்லை, பொருளும் பொருந்தவில்லை. மற்றச் சொற்களின் கதையும் இப்படித்தான். குன்று அளவில் சிறியது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலவைக் குன்று என்று உரைநடையில் எழுத முடியாது. கிரி தனியாக நடக்காது; நீலகிரி, கிரிவலம் என்று வேறொரு சொல்லின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வரும். சிகரத்தையும் சில புத்தகங்கள் இதே வரிசையில் சேர்த்துவிடுகின்றன. அதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ‘மலையின் சிகரம்’ என்று சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால் ஒன்று முழுமை, மற்றது அதன் உறுப்பு. ஒத்த சொற்கள் இல்லை. சாரல், முகடு, உச்சி, அடிவாரம் எல்லாம் இந்த ஒரே கேள்வியில் கழன்றுவிடும். ‘மலையின் வெற்பு’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் வெற்பு தப்பிக்கிறது.

கை செய்கிற வேலைக்கு ஏற்ற வினை

பெயர்ச்சொல்லை விட வினைச்சொல்லில்தான் வேறுபாடுகள் பளிச்சென்று தெரியும். மலையகத்தில் பாடம் எடுக்கிறவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: செடியிலிருந்து ஒன்றைக் கையால் பிரித்தெடுப்பது. பறித்தல், கொய்தல், கிள்ளுதல், ஆய்தல், ஒடித்தல், உருவுதல், பிடுங்குதல், எடுத்தல். அகராதியில் இவை ஒன்றையொன்று சுட்டிக்கொண்டே வட்டமடிக்கும். கையைப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேலை.

கிள்ளுவதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நகமும் போதும்; வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறோம், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறோம். பொருள் மெல்லியதாக இருக்க வேண்டும், துண்டு சிறியதாக இருக்க வேண்டும். ஒடிப்பதற்குச் சத்தம் வேண்டும். காய்ந்த குச்சியை, கவ்வாத்தில் (தேயிலைச் செடியைத் தறிப்பதில்) விழுந்த மிலாறுக் கிளையை ஒடித்து அடுப்பில் வைக்கிறோம். “கொழுந்தை ஒடித்தாள்” என்று பிள்ளை எழுதினால் அந்தக் கொழுந்து முற்றிப்போனது என்று பொருள் வந்துவிடும். உண்மையில் முற்றலையும் இளசையும் கை அறிகிற விதமே இதுதான். இளந்தண்டு வளைந்து முறியும், முற்றிய தண்டு நார் விட்டு இழுக்கும். உருவுவது ஈர்க்கோடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் இலைகளைக் கழற்றுவது. முருங்கையை உருவலாம், கறிவேப்பிலையை உருவலாம். தேயிலையை உருவினால் முற்றிய இலையும் சேர்ந்து வரும், வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் வாயில் விழ வேண்டும். பிடுங்குவதில் வேரும் வரலாம்: புல் பிடுங்குகிறோம், மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறோம், பல்லையும் பிடுங்குகிறோம்.

ஆய்தல் தனியாக நின்று பார்க்க வேண்டிய சொல். மலையகத்தில் கீரை ஆய்வதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பூ ஆய்வார்கள், மாங்காயும் ஆய்வார்கள். வேண்டியதைத் தெரிந்து எடுப்பது என்பது அதன் உட்பொருள், ஆய்வு என்ற சொல்லும் அதன் பிள்ளை. இரண்டிலையும் ஒரு மொட்டும் எடுத்து, முற்றியதை விட்டு, அடுத்த சுற்றுக்கு வளர வேண்டியதைத் தொடாமல் போகிற வேலைக்கு, பொருள் நுட்பம் மட்டும் பார்த்தால், ஆய்தல்தான் மிகவும் பொருந்தும். ஆனால் பொருந்துகிற சொல்லையே மக்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு விதியும் இல்லை. தோட்டத்தில் யாரும் கொழுந்து ஆய்வதில்லை.

அங்கே சொல்வது ‘எடுக்கிறது’. எல்லாவற்றிலும் மொட்டையான சொல். “கொழுந்தெடுக்கப் போறோம்”, “இன்னைக்கு எத்தனை கிலோ எடுத்தீங்க?” இந்த இரண்டாவது வாக்கியத்தில் காரணம் ஒளிந்திருக்கிறது. எடு என்ற வினை அளவைத் தாங்கும். புள்ளி எடுத்தான், சம்பளம் எடுத்தேன் என்கிற மாதிரி 20 கிலோ எடுத்தேன். நிறுவைத் தராசில் போய் நிற்கிற வேலைக்கு அளவு தாங்குகிற வினை தேவைப்படுகிறது. “எத்தனை கிலோ கொய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், தராசே சிரிக்கும். கொய்தல் பாட்டிலும் மேடையிலும் வரும். மலரைக் கொய்வார்கள், போர்க்களத்தில் தலையைக் கொய்வார்கள், கிலோக் கணக்கில் கொய்ய மாட்டார்கள். பத்திரிகைக்கு நடுவழி பறித்தல்: ‘கொழுந்து பறிக்கும் பெண்கள்’. பறித்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவரிடமிருந்து அவர் விருப்பமில்லாமல் எடுப்பதும் பறித்தல்தான். தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி மலையகத்தில் எழுதப்படுகிற வாக்கியம் எப்போதும் “குடியுரிமை பறிக்கப்பட்டது” என்றே முடியும். ‘எடுக்கப்பட்டது’ என்று மாற்றினால் குற்றம் செய்தவன் காணாமல் போய்விடுகிறான். ‘கொய்யப்பட்டது’ என்று மாற்ற வழியே கிடையாது.

கருவி மாறினால் வினையும் மாறும். கத்தரிக்கோல் வந்த தோட்டங்களில் கொழுந்தை ‘வெட்டுகிறார்கள்’. கவ்வாத்துக்கும் வெட்டுதல்தான், உயரமான தோட்டங்களில் 4, 5 ஆண்டுக்கு ஒருமுறை ‘கவ்வாத்து வெட்டுவார்கள்’. பாடநூல் சொல்லும் ‘கத்தரித்தல்’ ரோசாச் செடிக்குச் சரி. பொருளின் பெயரும் இடத்துக்கிடம் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மலையில் இருக்கும்போது கொழுந்து, கடைக்கு வரும்போது தேயிலை, வீட்டு டப்பாவில் தூள். ஏறத்தாழ 4½ கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோத் தூள் கிடைக்கும். “ஒரு கிலோ கொழுந்து வாங்கிக்கொண்டு வா” என்று கடைக்கு அனுப்ப முடியாது. மூன்றையும் ஒத்த சொல் என்று எழுதும் பயிற்சித்தாள், செடியையும் கோப்பையையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. தொல்காப்பிய மரபியல் இலை, முறி, தளிர் முதலியவற்றை மரத்துக்கும், தோடு, மடல், ஓலை முதலியவற்றைப் புல்லினத்துக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தென்னைக்கு ஓலை, மாவுக்கு இலை. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை மரபு என்று பெயரிட்டுப் பாடமாகவே வைத்தார்கள். நம் பயிற்சிப் புத்தகங்கள் நிகண்டின் பட்டியலை எடுத்துக்கொண்டு மரபியலை விட்டுவிட்டன.

ஒன்றை மாற்றினால் பக்கத்தில் உள்ளதும் மாறும்

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கே. பட்டியல் பெயர்ச்சொல்லை மட்டும் தருகிறது, அதோடு வரும் வினையைத் தருவதில்லை. மகிழ்ச்சி ‘அடைகிறோம்’. சந்தோஷம் ‘படுகிறோம்’. உவகை ‘கொள்கிறோம்’. களிப்பு ‘உறுகிறோம்’. “சந்தோஷப்பட்டான்” என்பதில் சந்தோஷத்தை எடுத்துவிட்டு உவகையைச் செருகினால் “உவகைப்பட்டான்” என்று ஒரு நொண்டிச் சொல் பிறக்கும். உதவி ‘செய்’, துணை ‘நில்’, ஒத்தாசை ‘பண்ணு’. இதைப் பட்டியலிலேயே ஒட்டி எழுதிவிட்டால் பாதிப் பிழை குறையும்: ‘உவகை’ என்று எழுதாமல் ‘உவகை கொள்’ என்று எழுதுவது.

வேற்றுமை உருபும் இதே வகை. உதவினான் என்றால் ‘அவருக்கு’. ஆதரித்தான் என்றால் ‘அவரை’. வெறுத்தான் என்றால் ‘அவனை’. வெறுப்புக் கொண்டான் என்றால் ‘அவன்மேல்’. நாய்க்குப் பயந்தான், நாயைக் கண்டு நடுங்கினான். “தம்பி நாய்க்கு நடுங்கினான்” என்று எழுதிய பிள்ளைக்குச் சொல்வளம் குறைவு என்று சொல்ல முடியாது. சொல்லை மாற்றிய கையோடு உருபை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மரியாதை அளவும் கூடவே வரும். தேத்தண்ணி குடிப்பார்கள், தேநீர் அருந்துவார்கள். “பிரதம விருந்தினர் தேத்தண்ணி குடித்தார்” என்று பாடசாலை விழா அறிக்கையில் எழுதினால் சிரிப்பு; “பாட்டி தேநீர் பருகிக்கொண்டே வெத்தல இடிச்சாங்க” என்று கதையில் எழுதினாலும் சிரிப்பு. மரணத்துக்கான சொற்களை நான் விரிக்கவில்லை. செத்தான், இறந்தார், காலமானார், சிவபதமடைந்தார் என்ற ஏணியை எல்லோரும் அறிவார்கள். பெரியவர் ஒருவரைச் ‘செத்துட்டார்’ என்று சொன்ன பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் கிடைத்துவிடும்.

ஊருக்கு ஊர் மாறுவதுதான் ஆசிரியர்களையும் தடுக்கி விழுத்துவது. “டீச்சர் என்னோட பேசினாங்க” என்று மலையகப் பிள்ளை சொன்னால் உரையாடினார் என்று அர்த்தம். வடக்கில் உரையாடுவது ‘கதைக்கிறது’. ‘பேசினா’ என்றால் ஏசினார் என்று எடுத்துக்கொள்வார்கள். வடக்கிலிருந்து வந்த ஆசிரியர் ஒத்தகருத்துப் பட்டியலில் ‘பேசுதல் – ஏசுதல்’ என்று போட்டால் நுவரெலியா வகுப்பறையில் அது விளங்காது, மலையக ஆசிரியர் ‘பேசுதல் – கதைத்தல்’ என்று போட்டால் அந்தப் பிள்ளைகள் “கதை சொல்றதா சேர்?” என்பார்கள். இரண்டும் தவறில்லை. எந்த ஊர் வாக்கியம் என்று பக்கத்தில் குறித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கூலி

இத்தனைக்கும் மேலே ஒரு சொல் வரிசை இருக்கிறது. அதை வெறும் பயிற்சியாக நடத்தவே முடியாது: கூலி, சம்பளம், ஊதியம், வேதனம். பரீட்சையில் இந்த நான்கில் எதை எதற்கு ஒத்த சொல்லாகப் போட்டாலும் புள்ளி கிடைக்கும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் நான்கும் நான்கு திசை. சம்பளம் மாதத்தையும் தாங்கும், நாளையும் தாங்கும்; கூலி நாளோடு நிற்கும், மாதக் கூலி என்றால் காது ஒப்பாது. ஓய்வுக்கு ‘ஊதியம்’தான், ஓய்வுச் சம்பளம் என்று பேச்சில் சொன்னாலும் படிவத்தில் ஓய்வூதியம். வேதனம் நம் நாட்டுச் செய்தி அறிக்கையின் சொல், வீட்டில் யாரும் வேதனம் எடுப்பதில்லை. 2021இல் நாளுக்கு 1000 ரூபாய் என்று தீர்மானித்த சபைக்குப் பெயர் சம்பள நிர்ணயச் சபை. அந்தப் பெயரில் ஒரு சொல்லைக்கூட ஒத்த சொல்லால் மாற்ற முடியாது, ஏனென்றால் அது பெயர்.

சொற்கள் காலத்தில் இடம் மாறுவதும் இந்த வரிசையில் தெரியும். “முதலிலார்க்கு ஊதியம் இல்லை” என்ற குறளில் ஊதியம் இலாபம். முதல் போடாதவனுக்கு இலாபம் கிடையாது என்கிறார் வள்ளுவர். இன்றைய பொருளை வைத்து ‘முதல் இல்லாதவர்களுக்குச் சம்பளம் கிடையாது’ என்று படித்தால் அது தோட்ட முதலாளியின் வாதமாகிவிடும். உழைப்புக்குக் கிடைப்பதை அவர் சொன்ன சொல் கூலி: “முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.” அங்கே கூலிக்கு ஓர் இழிவும் இல்லை. உடல் வருந்தியதற்கு ஈடு, அவ்வளவுதான்.

பிறகு அந்தச் சொல் ஆங்கிலேயரின் தோட்டக் கணக்கேட்டுக்குள் போனது. கொடுக்கப்படும் காசின் பெயர், காசு வாங்கும் மனிதனின் பெயராக மாறி அங்கிருந்து திரும்பி வந்தது. தோட்டக் கூலி, கூலி லயம் (தொழிலாளரின் வரிசை வீடு). இன்று மலையகத்தில் இந்தச் சொல்லின் இரண்டு முகங்களையும் பிரிப்பது ஒரே ஓர் உருபு. “கூலிக்குப் போறான்” என்பதில் ‘க்கு’ இருக்கிறது. போவது காசுக்காக, சொல்வதில் குறையில்லை. “அவன் கூலி” என்பதில் உருபு கழன்றுவிட்டது, அது ஏச்சு. அகராதியும் பட்டியலும் இதைக் காட்டா. ‘தொழிலாளர்’ என்பதற்கு ஒத்த சொல் ‘கூலியாள்’ என்று ஒரு பயிற்சித்தாள் சொன்னால், லயத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அந்த விடையை எழுதிப் புள்ளி வாங்க வேண்டும். அந்தப் புள்ளி வேண்டாம்.

இனப்பெயரும் இப்படியே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர், மேடைகளில் இந்திய வம்சாவளித் தமிழர், தங்களுக்குத் தாங்களே மலையகத் தமிழர். சுட்டப்படுவது ஒரே மக்கள். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த வருகைக்கு 1823ஐத் தொடக்கமாக வைத்து 2023இல் நினைவுகூர்ந்தபோது ‘மலையகம் 200’ என்றுதான் பெயர் வைத்தார்கள். ‘இந்தியத் தமிழர் 200’ என்று வைத்திருந்தால் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்லாமல் புறப்பட்ட இடத்தை மட்டும் சொல்லியிருக்கும்.

வகுப்பில் செய்யக்கூடியது

ஒரு பாடவேளைக்கு ஒரு சொல் போதும், ஒத்த சொற்கள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். பத்துக் கொடுத்தால் பிள்ளை மனப்பாடத்துக்குத் திரும்பிவிடும். பெயரில் தொடங்காமல் வினையில் தொடங்குவது நல்லது, செய்து காட்டலாம். ஒரு வல்லாரைக் கட்டு, ஒரு கறிவேப்பிலைக் கொத்து, ஒரு காய்ந்த குச்சி கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுத்தால் ஆய்தலும் உருவுதலும் ஒடித்தலும் விளக்கமில்லாமலே பிரிந்துவிடும். கொப்பியில் மூன்று நிரல் போடச் சொல்லுங்கள்: சொல், அதோடு வரும் சொல், பிள்ளையே எழுதிய வாக்கியம். நடு நிரல்தான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘பறி – பூ, காய், உரிமை’. ‘பிடுங்கு – புல், கிழங்கு, பல்’.

பிறகு மாற்றிப் போடும் விளையாட்டு. ஒரு பிள்ளையின் வாக்கியத்தில் உள்ள வினையை அடுத்த பிள்ளை மாற்ற வேண்டும். வாக்கியம் நிற்கிறதா, விழுகிறதா என்று வகுப்பு சொல்லும். விழுந்தால் எதை மாற்றினால் நிற்கும் என்று கேட்க வேண்டும்: உருபையா, பக்கத்துச் சொல்லையா, பேசுகிற ஆளையா. தடுமாறினால் எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். ‘பழைய’, ‘முதிய’ இரண்டும் ஒன்றா என்று குழம்புகிற பிள்ளை, பழையதற்கு எதிர் புதியது, முதியவருக்கு எதிர் இளையவர் என்று வந்ததும் தானே பிரித்துவிடும்.

புள்ளியிடும்போது பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். “அக்கா இன்று 20 கிலோ கொழுந்து ______” என்று கொடுத்தால் ‘எடுத்தார்’ முழுப் புள்ளி, ‘பறித்தார்’ என்பதற்கும் முழுப் புள்ளி. ‘கிள்ளினார்’ என்றால் 20 கிலோவைக் கிள்ள எத்தனை விரல் வேண்டும் என்று கேளுங்கள். ‘கொய்தார்’ என்று எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, அளவை எடுத்துவிட்டு அதே வாக்கியத்தைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். “அக்கா பனி விலகுமுன் கொழுந்து கொய்தார்” என்று எழுதிக்கொண்டு வந்தால் அதற்கும் முழுப் புள்ளி கொடுக்கலாம்.